ரப்பர் பட்ட இடம்

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மூலையைப் பெருக்க வேண்டும், கிட்டாரைக் கொஞ்சம் தூக்குங்கள் என்றாள் என் மனைவி. தூக்கினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும், புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பது போன்ற சத்தத்தோடு ஸ்டாண்டை விட்டு வந்தது. திருப்பிப் பார்த்தேன். கிட்டார் கழுத்தின் பின்புறம் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புத் தழும்பு. மரத்தின் மேல் வார்னிஷ் போலப் பூசிய லாக்கர் இளகி, பாலாடை மாதிரி சுருங்கியிருந்தது. தொட்டேன். என் கட்டைவிரல் ரேகை அப்படியே அதில் பதிந்துவிட்டது.

கிட்டார் என் மனைவியின் தம்பியுடையது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எனக்கோ வாய் சும்மா இருக்காது. மாமனார் இறந்த அன்று அவன் எல்லையில் ஜொகூர் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். எஸ்டேட் லயத்து வீடுகளின் ஆட்கள் அத்தனை பேர் முன்னால், "இப்ப வந்து அழுது என்னா செய்யப் போற?" என்று கேட்டேன். மூன்று வருஷம் அவன் என்னிடம் பேசவில்லை. பெரியவன் என்ற வீம்பில் நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு வந்தவன், மாமனார் அவனுக்கு வாங்கித் தந்த இந்த கிட்டாரை என் கையில் கொடுத்தான். "ரூம்ல ஆறு பேரு, வெக்க எடமில்ல. நீங்க பாத்துக்குங்க மாமா. பெட்டியிலயே போட்டு வெச்சிராதீங்க, பழைய லாக்கரு, பூஞ்சணம் பிடிச்சிரும்." மூன்று வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் 'மாமா' அது.

நாங்கள் இருக்கும் மலையில் இடுப்பு வாருக்கே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஸ்டாண்ட் வாங்கினேன். அதன் கைகள் வழுக்கின. நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் எஸ்டேட்டில் கவாத்துக் கத்தியின் பிடி முதல் மோட்டார் சைக்கிள் கேரியர் வரை பழைய டயரின் ரப்பர் டியூபை வெட்டிச் சுற்றாத பொருள் கிடையாது. அதையே ஸ்டாண்டுக்கும் இறுக்கிச் சுற்றினேன். வாரா வாரம் கிட்டாரின் முன்பக்கத்தைத் துடைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒரு நாளும் தூக்கிப் பார்க்கவில்லை. மடையன்.

மறுநாள் தானா ராத்தா டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாயிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். "ரப்பர்ல உள்ள எண்ணெ லாக்கர எளக்கிரும்ணே. தின்னர் கின்னர் போட்டுத் தேச்சிராதீங்க, மொத்தமும் கையோட வந்துரும் லா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

"பின்பக்கந்தானே, அவன் எங்க பாக்கப் போறான்" என்றாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும். வாசிக்கிறவனின் கட்டைவிரல் போய் உட்காருகிற இடமே அதுதான். பார்க்கவே வேண்டாம், தொட்டாலே தெரிந்துவிடும். கூரை ஒழுகியது என்று சொல்லலாமா, அவனிடம் வாங்கும்போதே இருந்தது என்று சாதிக்கலாமா என்று நான்கு நாளும் பொய்களை ஒத்திகை பார்த்தேன். தொழிற்சாலையில் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பானரைத் தேடினேன். இந்த முறை பேச்சு நின்றால் நின்றதுதான் என்று பயமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தான். தேநீரைக் கூடக் குடிக்காமல் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான். இடது கை கழுத்தைப் பிடித்தது. கட்டைவிரல் நின்றது.

"நான்தான் டியூப் சுத்துனேன். மன்னிச்சிருப்பா" என்றேன். ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை.

திருப்பிப் பார்த்தான். என் ரேகை காய்ந்து அங்கேயே இருந்தது.

"இதுக்கா மாமா மன்னிப்பு கேக்குறீங்க?"

குரலில் கோபம் இல்லை. அடுப்படியில் மனைவி மாவு பிசைவதை நிறுத்திவிட்டாள் என்று தெரிந்தது.

"இல்ல" என்றேன். "ஒங்கப்பா செத்தன்னைக்கு நான் கேட்டதுக்கு."

அவன் குனிந்து கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டினான்.

மூன்றாம் நாள் பஸ்ஸுக்குப் புறப்படும்போது கிட்டாரைத் தன்னோடு எடுத்துப் போய்விடுவான் என்றே நினைத்தேன். பையை மட்டும் தோளில் மாட்டினான்.

"டியூப் வேணாம் லா மாமா," என்றான், "பருத்தித் துணி சுத்துங்க."