கங்கம்மா ஜாத்திரையும் ஷோபா மேடத்தின் பேப்பரும்

ஷோபாவை முதன்முதலில் பார்த்த அன்று இதை எழுதுகிறவன் சேலை கட்டியிருந்தான். கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் சவுரி, அதில் கனகாம்பரம். மீசையை மட்டும் எடுக்கவில்லை. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் பெண் வேஷம் போட்டு அம்மனைப் பார்க்கப் போவது வழக்கம். வடமாலபேட்டைப் பக்கம், ஏர் பிடித்த குடும்பத்தில் டிகிரி பாஸான முதல் ஆள் அவன், அதற்கான வேண்டுதல். செருப்பைக் கழற்றித் தங்கை கையில் கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து வரிசையில் நின்றான். குனிந்தால் சவுரி விழுந்துவிடும்.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்து போனை நீட்டினார்.

“தம்பி, இந்த வேஷத்துல எப்படி கீது? சொல்லு, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்.”

“ஹாயா கீதுக்கா. பெரியவங்கள்லாம் கையெடுத்துக் கும்புடறாங்க. பஸ்ல எழுந்து சீட்டு குடுத்தாங்க.”

“நானும்தான் தெனம் பொடவ கட்டிக்கினு பஸ் ஏறுறேன். எனக்கு ஒருத்தனும் குடுக்கலியே!”

“மீசை வெச்சிக்கினு போய்ப் பாருங்கக்கா.”

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அதுதான் ஷோபா.

புத்தூர் பக்கத்துக்காரர். அப்பா செங்கல்வராயன் வேர்க்கடலை போடுகிறவர், கொஞ்சம் மாந்தோப்பும் உண்டு. பி.ஏ.வில் ஷோபா கேட்டது எக்கனாமிக்ஸ். இடம் கிடைத்தது தத்துவத்தில்.

“தத்துவம்னா இன்னாம்மா? சாமியாரா ஆவப் போறியா?” என்றார் செங்கல்வராயன்.

“சாமியாருக்கு உக்காந்த எடத்துல சோறு வரும் நைனா. எனக்குப் பரீட்சதான் வரும்.”

வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தவரை ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. ‘மனிதன் சிந்திக்கிறவன்’ என்று ஆரம்பித்தது புத்தகம். சரி, அவன் சிந்தித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் இருந்தது யார்? அவள் எதுவும் சிந்திக்கவில்லையா, அல்லது அவளை யாரும் கேட்கவில்லையா? இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, பெண்ணியத் தத்துவம் என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது என்பது எம்.ஏ.வில்தான் அவருக்குத் தெரிந்தது. அந்தத் துறை முதலில் சம உரிமை கேட்டது. பிறகு, எது அறிவு, யார் சொன்னால் அறிவு என்று கேட்டது. அப்புறம், பெண் என்று பொதுவாகச் சொல்கிறோமே, எந்தச் சாதிப் பெண்ணை, எந்த ஊர்ப் பெண்ணை மனதில் வைத்துச் சொல்கிறோம் என்று தன்னையே திருப்பிக் கேட்டுக்கொண்டது. தன்னையே கேள்வி கேட்கிற படிப்பு நின்றுபோகாது என்று ஷோபா அடிக்கடி சொல்வார்.

ஆனால் திருப்பதியில் அது நின்றுபோகிற நிலையில்தான் இருந்தது. ஒரு பெண்கள் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக அவர் நடத்திய விருப்பப் பாடம் அது. போன வருடம் சேர்ந்தவர்கள் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். இந்த வருடமும் அப்படியென்றால் பேப்பரை எடுத்துவிடுவார்கள். பேப்பர் போனால் ஷோபாவின் வேலையும் போகும்.

துறைத்தலைவர் யதுகிரி நல்லவர்தான். ஆனால் அவருக்கு இந்தப் பேப்பரில் மனம் ஒட்டவில்லை.

“ஏம்மா ஷோபா, ஆத்மாவுக்கு ஆணேது, பொண்ணேது? தத்துவத்துல போய் இதெல்லாம் எதுக்கு?”

“ஆத்மாவுக்கு இல்ல மேடம். ஆத்மாவைப் பத்தி எழுதினவங்க எல்லாரும் ஆம்பளைங்களாவே இருந்துட்டாங்களே!”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்லை. பொண்கள் சேரணுமே, அதைப் பாரு.”

ஜூனில், பாடம் தேர்ந்தெடுக்கும் முன் மாணவிகளுக்கு ஒரு அறிமுக வகுப்பு. அதற்காகத்தான் ஷோபா ஜாத்திரையில் போனும் கையுமாக அலைந்தார். வகுப்பில் ரெக்கார்டிங்கைப் போட்டார். ‘ஹாயா கீதுக்கா’ என்ற குரலுக்கு மாணவிகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

“சேலை கட்டின ஆம்பளைக்குக் கும்பிடு, சேலை கட்டின பொம்பளைக்கு இடி. அப்போ மரியாதை யாருக்கு? சேலைக்கா, அம்மனுக்கா, உள்ளே இருக்கிற ஆம்பளைக்கா?”

நல்ல கேள்வி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த யதுகிரிகூட நிமிர்ந்து பார்த்தார். அப்போது நடு வரிசையில் ஒருத்தி எழுந்தாள். ஸ்வர்ணலதா.

“மேடம், அது எங்க அண்ணன்.”

மறுபடியும் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

“அவன் பாஸாவணும்னு வேண்டிக்கினது நான். வெள்ளிக்கிழமையானா பகல்ல துன்னாம கெடந்தது நான். பொடவ என்னுது, கட்டிவுட்டதும் நான்தான். உள்ள இருக்கிறது ஆம்பளைன்னு சொல்றீங்க, அந்த வேஷத்துல பாதி நான் மேடம். நீங்க போனை நீட்டினப்போ பக்கத்துலதான் அவன் செருப்பை வெச்சிக்கினு நின்னேன். என்னைக் கேக்கவே இல்லியே நீங்க?”

ஷோபாவுக்கு முகம் சூடேறியது. யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்ற சந்தேகத்தில் படிக்க ஆரம்பித்தவர், சேலை கட்டினவனிடம் மட்டும் போனை நீட்டியிருக்கிறார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். துறைத்தலைவர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷோபா மேடையிலிருந்து இறங்கி முன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கேட்க வேண்டியவளை விட்டுட்டேன். இப்போ கேக்கறேன். இங்க வந்து நின்னு சொல்லு. உனக்குன்னு நீ எதுவும் வேண்டிக்கலியா?”

ஸ்வர்ணலதா மேடையேறினாள்.

“எனக்குன்னு தோணவேயில்ல மேடம். நான் பாஸானா மட்டும் எங்க அண்ணன் வேஷம் போடுவானா?”

“எங்க வீட்ல எனக்கு வேண்டிக்கறதே கல்யாணத்துக்குத்தான்,” என்றது ஜன்னலோரக் குரல் ஒன்று.

“எங்க வீட்ல அதுக்கும் கெடையாது, தம்பி வேலைக்கு அப்புறம்தானாம்!”

அதற்கப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார்கள், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் சண்டை போட்டார்கள். வேண்டுதல் யாருடையது, புண்ணியம் யாருக்கு? ஒருவருக்காகப் பசித்திருப்பது அன்பா, பழக்கமா? வேஷம் கலைத்த மறுநாள் சாப்பிட்ட தட்டை அவன் கழுவினானா? அயல்நாட்டுப் புத்தகங்களில் கனமான பெயர்களோடு இருக்கிற கேள்விகள்தான். அவை அந்த அறையில் சொந்த வீட்டுப் பேச்சாக வந்து விழுவதை ஷோபா பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பெல் அடித்தும் ஒருத்தியும் எழவில்லை.

யதுகிரிதான் முதலில் எழுந்தார்.

“ஆத்மாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்,” என்றார் ஷோபாவிடம். “ஆனா இந்த ரூம் போதாது. பெரிய ஹாலா கேட்டு வாங்கறேன்.”

போதவில்லைதான். முதலில் பெயர் கொடுத்தவள் ஸ்வர்ணலதா. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், “உன் குரலைக் கேட்டு ஊரே சிரிச்சுதுண்ணா!” என்று அண்ணனைச் சீண்டிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள். அவனும் ஒரு வேண்டுதல் வைத்தான். தங்கை டிகிரி முடிக்கிற வருடம் மறுபடியும் சேலை கட்டுவான், வெள்ளிக்கிழமை விரதமும் அவனே இருப்பான். மூன்றாவது வாரமே பசி கண்ணைக் கட்டியது. “மசால் தோசை வாங்கியாரட்டுமாண்ணா?” என்று கேட்டே அவள் கொன்றாள்.

இந்தத் துறை இனி எங்கே போகும் என்று கேட்டால் ஷோபா வகுப்பையே காட்டுவார். ஜாத்திரைக்கு வரும் திருநங்கைகள் இருவர் போன மாதம் அங்கே வந்து பேசினார்கள்; எங்களுக்கு இது வேஷம் இல்லை என்று ஒருவர் ஆரம்பித்ததில் இரண்டு வகுப்பு நேரம் போனது. தடா பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் பெண்களை அடுத்து அழைத்திருக்கிறார். நம் பேச்சில் நாமே யோசித்து எழுத வேண்டியது மலைபோல் கிடக்கிறது என்கிறார்; சொல்லும்போது முகத்தில் மலைப்பு இல்லை, ஆசைதான் தெரிகிறது.

இப்போது ஷோபா அதே கல்லூரியில்தான் இருக்கிறார். பேப்பரும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சித்தூருக்குப் போய், ஆண்களும் சேர்ந்து படிக்கும் ஒரு கல்லூரியில் அதே பாடத்தைத் தெலுங்கில் நடத்துகிறார்.