யாரும் இழுக்காத மூச்சு

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஸ்கேன்காரரும் முதலில் அப்படித்தான் நினைக்கப் பார்த்தார். முடியவில்லை. காரணம், படம் இருக்கிறது.

அதுவும் நடுநிசியில் அல்ல. காலை எட்டேகாலுக்கு, ஜன்னல் நிறைய வெயில் இருக்கும்போது. அந்தப் பேய்க்கு நேரம் காலமே தெரியவில்லை.

ஸ்கேன்காரரின் வேலை நுரையீரலைப் படம் பிடிப்பது. சாதாரண ஸ்கேனில் காற்று தெரியாது. அதனால் செனான் என்கிற வாயுவை லேசர் வெளிச்சத்தில் ஊறவைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் பிடித்துக் கொடுப்பார். படுத்திருப்பவர் அதைக் குழாய் வழியாக ஒரே இழுப்பில் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயு போன இடமெல்லாம் படத்தில் வெளிச்சம். மூச்சுக்குழாய் சுருங்கி அடைத்த இடம் இருட்டு. வைத்திருந்தால் வாயுவின் சக்தி ஐஸ் மாதிரி கரைந்துவிடும். அதனால் எல்லாமே அவசரம்.

"இழுங்க... விடுங்க... இழுங்க... பிடிங்க." தூக்கத்திலும் இதையே சொல்கிறார் என்று வீட்டில் புகார்.

ஆஸ்துமா ஆராய்ச்சி ஒன்றுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு ஆள் குறைந்தது. மனைவியின் தம்பியைப் பிடித்து வந்தார். ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறவன் அவன். 'நோயுமில்லை, நொடியுமில்லை. சுத்தச் சோம்பேறித்தனம்' என்பது அத்தானின் தீர்ப்பு.

படம் எடுக்கும்போது பாதியில் மணி அடித்தது. முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அதன் மணி.

"விளையாடாதே மாப்ள. பிடி."

பிடித்தான்.

படத்தில் இடது நுரையீரலின் அடிப்பக்கம் இருட்டாக இருந்தது. ஆப்பு அடித்தது போல. அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "மூச்சு இழுக்கக்கூட உனக்கு வலிக்குதாடா?" சரியாக இழுக்கவில்லை என்று அவரே முடிவுகட்டி, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் காட்டாமல் படத்தை அழித்தார். சொந்தக்காரன் மானத்தை வாங்கிவிட்டானே என்கிற வெட்கம் வேறு.

மூன்று வாரம் கழித்து, மைத்துனன் தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தான். அந்த முறை எழுந்திருக்கவில்லை.

மூச்சுத்திணறல் என்றார்கள். அழுத மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்தார் ஸ்கேன்காரர். அழித்த படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஜோக் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களே.

அந்தக் காலை.

தினமும் முதல் வேலை, இயந்திரத்தைச் சோதிப்பது. ஆளில்லாத படுக்கையில் வாயுப் பையை மட்டும் வைத்து, ஆளுக்கு எடுப்பது போலவே எடுப்பார். திரையில் தலையணை மாதிரி ஒரு வெளிச்சம் வரும். அவ்வளவுதான்.

பையை வைத்தார். குழாயைப் பிளாஸ்டிக் கிளிப்பால் இறுக்கினார். கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பழக்க தோஷம். மைக்கில் வாய் தானாகச் சொன்னது.

"இழுங்க... விடுங்க... இழுங்க..."

ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

கீ...ய்ய்ய்...

மெல்லிய விசில். ஏசியாக இருக்கும் என்று நினைத்தார்.

"பிடிங்க."

விசில் நின்றது.

பொத்தானை அமுக்கினார். இயந்திரம் தடதடத்தது.

மணி அடித்தது.

ரப்பர் பந்து படுக்கையோரம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. ஆனால்... பந்து சப்பியிருந்தது.

"மாப்ள... விடு. போதும். விட்டுடு."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

ஸ்பீக்கரில், நீளமாக ஒரு மூச்சு.

பந்து மெல்ல உப்பியது.

திரையில் படம் வந்தது.

தலையணை இல்லை.

இரண்டு நுரையீரல்.

இடது பக்கம், அடியில்... இருட்டு.

உள்ளே ஓடினார். கிளிப் போட்டது போட்டபடி இருந்தது.

பை காலி.

ஒன்பது மணிக்கு வந்த டாக்டரம்மா திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு இது? இடது பக்கம் கீழே காத்தே போகலையே. உடனே கூப்பிடுங்க. மருந்து ஆரம்பிக்கணும்."

"இப்போ கூப்பிட முடியாது டாக்டர்."

"ஏன், ஊர்ல இல்லையா?"

"இல்லை."

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஸ்கேன் முடிஞ்சு வந்ததும் நான் அவன்கிட்ட சொன்னேன், ஒரு நல்ல டாக்டரைப் பாருடான்னு. 'அத்தானே படத்தைப் பார்த்துச் சிரிச்சாரு அக்கா. பெருசா ஒண்ணும் இருக்காது'ன்னான்."

எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலாம். சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

மறுநாள் டாக்டரம்மா போனில் கூப்பிட்டார்.

"அந்தப் படத்துல ஒரு குழப்பம். செனான் நுரையீரலுக்குள்ள போனா, கொஞ்சமாவது ரத்தத்துல கலக்கணும். அதையும் மெஷின் அளக்குதில்ல? இந்த ஆளு காத்தை இழுத்திருக்காரு. ஆனா ரத்தத்துல ஒரு துளிகூடச் சேரலை. உள்ள ரத்தமே ஓடாத மாதிரி..."

ஸ்கேன்காரர் திரையில் அந்தப் படத்தைத் திறந்தார்.

"மெஷின் கோளாறாத்தான் இருக்கும். அழிச்சிடுங்க."

"வேண்டாம் டாக்டர்," என்றார். "ஒரு தடவை அழிச்சாச்சு."