நேரில் கண்ட முதுகுகள்

கச்சேரி மேடையில் எல்லாருக்கும் ஒரு முகம் உண்டு, தம்புரா போடுகிறவளைத் தவிர.

டெல்லியில் எங்கள் சபாவுக்கு என் வீட்டுக்காரர் காரியதரிசி. சென்னையிலிருந்து வரும் பாடகர்கள் வயலின், மிருதங்கம், கடம், பெட்டி நிறைய பட்டு என்று சகலத்தையும் கொண்டுவருவார்கள். தம்புராவுக்கென்று இன்னொரு ஆளுக்கு விமான டிக்கெட் என்றால் மட்டும் சபாவுக்கு மூச்சு முட்டும். "நீதான் பாட்டு கத்துண்டிருக்கியே, சும்மா பின்னாடி உட்கார்ந்து நாலு கம்பியை மீட்டினா போதும்" என்றார் இவர், கல்யாணமான புதிதில். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். திருச்சி கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம்: முதுகை வளைக்காதே, மனதில் இருப்பதை முகத்தில் காட்டாதே. தம்புரா போட இதற்கு மேல் தகுதி வேண்டியதில்லை.

"நீங்க நேர்ல பார்த்து அசந்துபோன பாடகர்கள் யார் யார் மாமி?" என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய பெரிய ஆட்களை எல்லாம் பார்த்திருக்கிறேன், முதுகுப் பக்கமாக. யாருடைய ஜிப்பா எந்த இடத்தில் நனையும், யாருடைய கொண்டை எந்தப் பாட்டில் அவிழும் என்றெல்லாம் சொல்வேன். முகபாவம் பற்றிக் கேட்டால் தெரியாது. புருஷன் சபா, சங்கம், கோயில் கமிட்டி என்று எதிலாவது இருக்கிற காரணத்தால் விழாவுக்குப் போயும் விழாவைப் பார்க்காமல் திரும்பிய சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஹாஸ்டலில் தலையணைக்கடியில் டிரான்சிஸ்டரை வைத்து, சிஸ்டருக்குத் தெரியாமல் ஒரு அம்மாளின் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் டெல்லிக்கு வந்தால் நான் முன் வரிசையில் மனுஷியாக உட்கார்ந்து, அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். "அடுத்த தடவை கண்டிப்பா நீ முன்னாடிதான்" என்று இவர் ஒவ்வொரு கச்சேரிக்கும் சொல்வார். அந்த அடுத்த தடவைக்கு முன்னால் நடந்தவற்றில் சில.

தெய்வத்தின் லேபிள்

ஜனவரிப் பனியில் வந்தார் ஓர் இளம் நட்சத்திரம். அவர் வாயைத் திறக்குமுன்பே பெண் பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக்கொள்ளும் ரகம். டெல்லிக் குளிர் நட்சத்திரம் என்று பார்க்குமா? பட்டு ஜிப்பாவுக்குள் உல்லன் பனியன் போட்டிருந்தார். அவசரத்தில் உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுவிட்டார் போல. கழுத்துக்குப் பின்னால் லேபிள் எட்டிப் பார்த்தது. தோய்க்கும் முறை மூன்று மொழிகளில். ராக ஆலாபனை முழுக்க நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் உலர்த்தக் கூடாதாம்.

சபையில் ஒரே கண்ணீர். கச்சேரி முடிந்ததும் கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடிவந்து, பாடகரைத் தொட்ட கை என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நீங்க எவ்ளோ லக்கி! அவரை அவ்ளோ கிட்டத்துல பார்த்தீங்க!"

கடன் வேண்டுமா சார்

இப்போதெல்லாம் ஸ்ருதி ஃபோனிலேயே வந்துவிட்டது. ஃபோனில் ஸ்ருதியைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் நான் எதற்கு? மேடையில் பின்பக்கம் ஒரு லட்சணம் வேண்டாமா, அதற்கு. பூ ஜாடிக்கும் எனக்கும் வித்தியாசம், பூ ஜாடிக்குக் கால் மரத்துப்போகாது.

ஒரு பெரிய வித்வான், நல்ல உருக்கமான கட்டம், கையை மேலே தூக்கி உச்ச ஸ்வரத்தில் நிற்கிறார். ஃபோனில் அழைப்பு வந்தது. ஸ்ருதி நின்றது. வீட்டுக் கடன் தருகிறோம் என்று கூப்பிடும் ஏதோ ஒரு நம்பர். அவர் கட் செய்ய, அது மறுபடி வர, அவர் மறுபடி கட் செய்ய, கடன் கொடுக்கிறவர்களின் விடாமுயற்சி நம் பிள்ளைகளுக்கு வராது. கடைசியில் வித்வானுக்கு வழியில்லை. அதுவரை மூன்று கச்சேரி என்னை வைத்துப் பாடியவர், முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தம்புராவையும் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்:

"மாமி, உங்களுதுலேர்ந்தும் சத்தம் வருமோ?"

புடவையின் நிறம்

பாடகிகள் வேறு வகை. ஒருவர் ஏர்ப்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே இவருக்கு ஃபோன் பண்ணினார். வெந்நீரா, வாழையிலையா, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் ஃபில்டர் காபிப் பொடி வாங்க வேண்டுமா என்று நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அதெல்லாம் இல்லை. தம்புரா மாமி என்ன கலரில் புடவை கட்டப்போகிறாள் என்று தெரிய வேண்டுமாம்.

அரக்கு என்று சொன்னோம். தனக்கும் அரக்கு என்றார். பச்சைக்கு மாறினேன். விளக்கு வெளிச்சத்தில் தூக்கலாகத் தெரியும் என்றார். மஞ்சள், கண்ணைக் குத்தும். கடைசியில் என் அலமாரியின் அடித்தட்டில், நாத்தனார் கொடுத்து நான் யாருக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்த சாம்பல் நிறப் புடவையை எடுத்துக் கட்டினேன். நாத்தனாருக்கு அந்த அளவுக்கு ரசனை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடைத் திரையும் அதே சாம்பல். பாடகி என்னை மேலும் கீழும் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"சூப்பர் மாமி! நீங்க இருக்கறதே தெரியலை!"

மைக் பையா

எங்கள் சபாவுக்கு மைக் போடுகிற பையன் ஹரியானாக்காரன். தமிழ் தெரியாது, கர்நாடக சங்கீதம் தெரியாது, சாம்பார் வடை தெரியும். கச்சேரிக்குக் கச்சேரி ஒரு ஓரத்தில் நின்று பார்ப்பான். பாடகர் பாடுவார், அப்புறம் வயலினை வாசிக்க விடுவார், அப்புறம் மிருதங்கத்துக்கு வெகுநேரம் தனி, அப்புறம் கடத்துக்கு. ஒவ்வொருத்தராக முறை வருகிறது, ஒவ்வொருத்தருக்கும் கைதட்டு. எனக்கு மட்டும் வராமலே மங்களம் பாடி முடித்துவிடுகிறார்கள். ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறான், பாவம். ஒருநாள் வயரைச் சுருட்டிக்கொண்டே, எனக்காக நியாயம் கேட்கிற குரலில் கேட்டுவிட்டான்.

"ஆன்ட்டிஜி, ஆப்கா நம்பர் கப் ஆயேகா?" என் முறை எப்போது வருமாம்.

அந்த அம்மாள்

வந்தது என் நம்பர். அந்த அம்மாள் டெல்லிக்கு வருகிறார் என்றதுமே இவரிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை நான் பின்னால் உட்கார்ந்தால் நீங்கள்தான் ஆயுசுக்கும் சமையல். மனுஷர் பயந்துதான் போனார், ஆனால் ஆள் தேடவில்லை. நான்தான் பிடித்தேன், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், தேங்காய்க் கடையில். கரூர்ப் பெண், பெயர் நித்யா, முனிர்காவில் ரூம் எடுத்து ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஸ்ருதி விலகாமல் ஏதோ முணுமுணுத்தாள். அப்படியே கையைப் பிடித்துவிட்டேன். "தம்புரா போடுவியா?" என்றேன். "போடுவேங்க, ஆனா யாருங்க நீங்க?" என்றாள். நியாயமான கேள்வி.

கச்சேரி அன்று முன் வரிசை சோபாவில் உட்கார்ந்தேன். அரக்குப் புடவை. ஆகா என்று சாய்வதற்குள் சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார். ஒரு இடம் தள்ளினேன். அவர் மனைவி வந்தார், இன்னொரு இடம். அவர் மச்சினர் வந்தார். தள்ளித் தள்ளிக் கடைசியில் பீரோ உயர ஸ்பீக்கருக்கு எதிரே போய்ச் சேர்ந்தேன். பரவாயில்லை, முகம் தெரிந்தது. வயதான, களையான முகம். பாட்டு தொடங்கியதும் அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. "என்ன பக்தி பாருங்கோ" என்று பக்கத்து மாமி உருகிவிட்டு, துவாரகாவில் மகனுக்குப் பார்த்திருக்கிற ஃப்ளாட்டில் சமையலறை எந்தத் திசை என்ற விஷயத்துக்குப் போனாள். வீடியோக்காரர் என் மூக்குக்கு எதிரே நின்றார். சீஃப் கெஸ்ட் கொட்டாவி விட்டார். பக்கத்து இடங்களிலிருந்து ஐந்தாறு ஃபோன்கள் எழும்பின. முகம் அதற்குள் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. ஸ்பீக்கர் மட்டும் அலறியது. அது நான் தலையணைக்கடியில் கேட்ட குரலே இல்லை.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டேன். இவர் "எங்கே, எங்கே?" என்று ஜாடை காட்டினார், காபி கொண்டுவரப் போகிறேன் என்று நினைத்திருப்பார். பக்கத்து வாசல் வழியாக மேடையேறி, நித்யாவுக்கு அருகில், தம்புரா இல்லாமல், வெறுமனே உட்கார்ந்தேன். அந்தப் பழைய முதுகுக்குப் பின்னால், மைக்குக்குள் போவதற்கு முந்தைய குரல் இருந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் அதேதான். சிஸ்டர்கள் மன்னிக்கட்டும், அன்றைக்கு முகத்தில் காட்டிவிட்டேன். பார்க்கத்தான் யாரும் இல்லை.

முடிந்ததும் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். பாட்டு தொடங்குமுன் என்னை முன்னால் பார்த்திருக்கிறார், முடிந்ததும் பின்னால்.

"முன்னாடி ஜம்முனு சோபாவில உட்கார்ந்திருந்தியே, ஏன் எழுந்து வந்துட்டே?"

"உங்க முகத்தைப் பார்த்துக் கேக்கணும்னு முப்பது வருஷ ஆசை மாமி. அங்கே உட்கார்ந்தா பாட்டே காதுல விழலை. நீங்களானா கண்ணை மூடிண்டு அப்படி ஒரு பக்தியோட..."

அம்மாள் ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

"பக்தியும் இல்லை, ஒண்ணும் இல்லைடி. முன் வரிசையைப் பார்த்தா எனக்குப் பாட்டே வராது, அதான் மூடிக்கறேன்."

அடுத்த கச்சேரிக்கு இவர் "இந்தத் தடவையும் நீ முன்னாடியே உட்கார்ந்துக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொன்னபோது, அவ்வளவு கொடுமையெல்லாம் என்னால் தாங்க முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தச் சாம்பல் நிறப் புடவையை நானே இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டேன்.