அக்காவுக்குக் கேட்ட தவணைகள்

சொந்தக்காரரின் வழக்கை எடுக்கக் கூடாது என்பதைத் தொழிலுக்கு வந்த புதிதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவின் வேலி வழக்கைப் பேசினேன். வழக்கு வென்றது, ஆனால் கிடைத்த நிலம் போதாதென்று சித்தப்பா வீட்டோடு போக்குவரத்து நின்றது. அதன் பிறகு உறவினர் யார் கேட்டு வந்தாலும் தேத்தண்ணீர் கொடுத்து, வேறொரு சட்டத்தரணியைக் காட்டிவிடுவேன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா வந்து, தனக்காக நான் ஒரு வழக்குப் பேச வேண்டும் என்றபோது, என்ன காணி என்று கேட்டேன். காணி இல்லை என்றாள். அவள் சொன்ன நீதிமன்றம் பரலோகத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். அப்பா வாவிக்கரையில் இருந்த ஒரே வளவில் இரண்டு வீடு கட்டி, ஒன்றை அக்காவுக்கும் ஒன்றை எனக்கும் எழுதினார். நடுவில் வேலி இல்லை. அவள் வீட்டில் மீன் பொரித்தால் என் வீட்டுத் திரைச்சீலை மணக்கும். அக்கா சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அது ஈரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. கொழும்பில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்து இல்லை, நோவு தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. மட்டக்களப்புக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் யோசித்தேன். அன்றைக்கு உள்ளே ஏதோ மரத்துப்போனது. அந்த வருடம் முழுவதும் அது அப்படியே இருந்தது.

நாங்கள் பழைய கோயில்காரர். புத்தகத்தைப் பார்த்து ஜெபத்தை வாசிப்போம், வரிசையாக எழும்புவோம், வரிசையாக இருப்போம். நோய் வந்த பிறகு அக்கா புதிதாகத் தொடங்கிய ஒரு சிறிய சபைக்குப் போகத் தொடங்கினாள். வாவிக்கரை வீதியில் தகரக் கூரை போட்ட மண்டபம். கை தட்டிப் பாடி, அழுது ஜெபிப்பார்கள். அங்கே போதகர் படிப்பித்தது இதுதான்: பரலோகம் ஒரு நீதிமன்றம். பிதா நீதிபதி. சாத்தான் எங்கள் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறான். அந்தக் குற்றங்களுக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை, கேட்ட நன்மை கையில் வராது. எங்களுக்காகப் பேசுகிற சட்டத்தரணி இயேசு. சனிக்கிழமைகளில் மண்டபத்தில் அந்த மன்று கூடும். மகளின் கலியாணம், மகனின் விசா, தீராத நோய் வருத்தம் என்று ஆட்கள் தங்கள் வழக்குகளைக் கொண்டுவருவார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஏற்கெனவே ஒருவர் பேசுகிறார் என்றால் நான் எதற்கு என்று கேட்டேன்.

"அவர் பெரிய அப்புக்காத்து," என்றாள் அக்கா. "நீ அவருக்கு ஜூனியரா நில்லுகா."

ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் அத்தான் வந்தார். அக்காவின் கணவர், பஸ் டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் திறப்பது குறைவு. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கையில் கொண்டுவந்த நண்டுப் பையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு, அவள் கேட்டதைச் செய்து கொடு என்று மட்டும் சொன்னார். மறுப்பதைவிட ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்ததால் ஒத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நான் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் செய்தேன்.

வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம். மண்டபத்துக்குள் போனதும் தகரச் சூடு தலையில் இறங்கியது. முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதற்குப் பின்னால் கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை இருக்கிற சிவப்புக் கதிரை. அதில் ஒருவரும் இருக்கக் கூடாது, அது நீதிபதியின் இடம். போதகர் இளம் ஆள், மோட்டார் சைக்கிள் விற்கிற கடையில் வேலை செய்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர், மரியாதை தெரிந்தவர். என்னை "லோயர் சிஸ்டர்" என்று கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினார். தொழில் புத்தி போகுமா? எதிரி நிற்க வேண்டிய பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்திருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் குற்றங்களைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டுமாம். போதகர் அக்காவிடம் முன்னோர்களைப் பற்றி விசாரித்தார். எங்கள் அம்மா கலியாணம் முடித்த பிறகுதான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். அம்மாவின் ஆட்கள் மண்டூர்ப் பக்கம். முருகனுக்கு நேர்த்தி வைப்பார்கள், ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக்குப் போய் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகுவார்கள். சாத்தான் பிடித்துவைத்திருக்கிற குற்றச்சாட்டுகள் அவைதான், அவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் போதகர்.

அந்த வருடத்தில் எனக்கு உண்மையாகக் கோபம் வந்த சில இடங்களில் அது ஒன்று. செய்யாத குற்றத்தை ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பதை நான் எந்த மன்றிலும் விட்டதில்லை. முழுகியது குற்றமும் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது வயல் அரிசியும் தயிரும் கட்டிக்கொண்டு தோணியில் வாவியைக் கடந்து வந்தவர்கள் அந்த ஆட்கள். நான் எழும்பி ஆட்சேபிக்கப் போனேன். அதற்கு முன் அக்கா கை காட்டினாள்.

"பாஸ்டர், அவங்கட பேரை இதுக்குள்ள இழுக்காதீங்க," என்றாள். "என்ட பிழைகள் போதும். அதுகளைக் கேளுங்க, சொல்றன்."

போதகர் வற்புறுத்தவில்லை. அக்கா தன் பிழைகளைச் சொன்னாள். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காரணமில்லாமல் அடித்தது, அத்தானின் தாயோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தது, தங்கச்சி சட்டம் படிக்கப் போனபோது பொறாமைப்பட்டது. கடைசியில் சொன்னது எனக்குப் புதிது. கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டோவில் வரும்போதே பேச வேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்தியிருந்தேன். இவள் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள், வெள்ளம் வந்தபோது வளவில் உலை வைத்து ஊருக்குச் சமைத்துப் போட்டவள், அம்மாவைக் கடைசிவரை பார்த்தவள், ஆகவே பூரண சுகம் தர வேண்டும். எழும்பி அந்தச் சிவப்புக் கதிரையைப் பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். என் வாய் தன் பாட்டில் திறந்தது.

"கனம் கோட்டார் அவர்களே, எனது கட்சிக்காரி உடல்நலமின்றி இருக்கிறார். எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுகள் எங்களுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வழக்கை வேறொரு தவணைக்கு ஒத்திவைக்குமாறு பணிவாக வேண்டுகிறேன்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். இருந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது புரிந்தது. எங்கள் ஊர் நீதிமன்றங்களில் வாரம் தவறாமல் நான் சொல்கிற வசனம் அது. காணி வழக்கு என்றால் பாதிக் காலம் தவணை கேட்பதில்தான் போகும். நாக்கு பழகிய பாதையில் போய்விட்டது. பின்னால் யாரோ ஆமென் என்றார், பிறகு எல்லாரும் ஆமென் என்றார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பூரண விடுதலைக்காகத் தானே ஒருமுறை நீளமாக ஜெபித்து முடித்தார்.

ஓட்டோவில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் நோகும், ஆனாலும் சிரித்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள், வாய் தவறிவிட்டது என்றேன்.

"இல்லகா, நீ கேட்டதுதான் சரி," என்றாள். "விடுதலை கேட்டு, அவர் இல்லையெண்டு சொல்லிற்றா எல்லாம் முடிஞ்சிரும். தவணைக்கு ஆரும் இல்லையெண்டு சொல்றல்லதானே."

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. நான் பின்னேரம் வேலை முடிந்து வந்து, கோப்புப் பையை வைத்துவிட்டு, அக்காவின் கட்டிலடிக்குப் போவேன். இன்றைக்குத் தவணை கேட்டாயா என்பாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கனம் கோட்டார் அவர்களே, நாளைக்கு ஒரு தவணை வேண்டுகிறேன் என்பேன். எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது என்று அவள் கேட்பாள். எதிர்ப்பில்லை என்பேன். பக்கத்தில் நிற்கிற அத்தான் ஒவ்வொரு நாளும் தலையைக் குனிந்து ஆமென் என்பார். அவருக்கு அது முழு ஜெபம்.

எனக்கு அது ஜெபமா என்று தெரியாது. நம்பிச் சொன்னேன் என்று எழுதினால் பொய். கஞ்சியை வடித்துக் கொடுப்பது, மாத்திரையைப் பாதியாக உடைப்பது, சீலையைத் தோய்த்துப் போடுவது, இவற்றோடு இதுவும் ஒரு வேலை. சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒன்றும் அசையாது. சில நாட்களில் சொல்லிக்கொண்டே அடுத்த நாள் வழக்குகளை நினைப்பேன். போதகர் வந்து பார்த்துப் போவார். தவணையோடு நிற்காமல் தீர்ப்புக் கேட்டு நெருக்குங்கள் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அக்கா படுக்கையிலிருந்து, எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று தங்கச்சியிடம் கேளுங்கள், மேலேயும் அப்படியே இழுபடட்டும் என்றாள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

கச்சான் ஓய்ந்து மாரி தொடங்கியது. வாவி நிரம்பி வளவின் கடைசித் தென்னைவரை தண்ணீர் வந்தது. வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு வற்றியது. அக்கா அதற்குள் பாதியாகிவிட்டாள். கஞ்சி நின்று இளநீரானது, இளநீரும் ஒரு மிடறாகிவிட்டது. நோவு மருந்தின் அளவு கூடியது. இடையில் முழித்தால் என் பக்கம் கண்ணைத் திருப்புவாள். நான் தவணையைக் கேட்பேன். எதிர்ப்பில்லை என்று அவள் கேட்காமலே சொல்வேன்.

ஒரு பின்னேரம் நான் ஜன்னல் பக்கம் திரும்பியபோது என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை, ஆனாலும் நின்றேன்.

"இண்டைக்குக் கேக்காத தங்கச்சி," என்றாள். "எனக்குக் களைச்சுப் போயிற்று. வழக்க முடிச்சு விடு."

கட்சிக்காரர் இனித் தவணை வேண்டாம் என்று சொன்னால் அதன் பிறகு கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. தொழிலில் இதைப் பற்றி இரண்டு பேச்சுக்கு இடமில்லை. சரி அக்கா என்றேன். தலையணையைச் சரிசெய்தேன். அத்தான் ஆமென் சொல்வதற்காகத் தலையைக் குனிந்தபடியே இருந்தார். இன்றைக்கு இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் போய் வாசல் படியில் குந்திக்கொண்டார்.

என் வீட்டுக்கு வந்து அரிசி களைந்து உலையில் போட்டேன். தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். வாவியில் இன்னும் வெளிச்சம் இருந்தது, இரண்டு தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன். கட்சிக்காரியின் சொல்லை மீறி நான் பேசிய ஒரே வழக்கு அதுதான். கனம் கோட்டார் அவர்களே என்று தொடங்கப் பார்த்தேன், வரவில்லை. இத்தனை வருடம் கேளாமலே வந்த வசனத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. தாங்க என்றேன். இன்னும் ஒண்டு தாங்க, ஒண்டே ஒண்டு. அது நானா என்று எனக்கே தெரியவில்லை, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருடத்தில் நான் கேட்ட தவணைகளில் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

அது கிடைக்கவில்லை. விடியற்காலையில் அத்தான் தன் சமையலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

செத்த வீட்டில் நான் நன்றாகத்தான் இருந்தேன். மறுபடியும் எல்லாம் மரத்துவிட்டது. கொட்டகைக்காரனோடு கதைத்தேன், பெட்டிக்குப் பூ சொன்னேன், பழைய கோயில் குருவானவரையும் புதிய சபைப் போதகரையும் சண்டை வராமல் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். அக்கா பரலோக மன்றில் விடுதலையாகிவிட்டாள் என்று போதகர் பேசினார். முடிந்ததும் அவருக்குக் கை கொடுத்து நன்றி சொன்னேன்.

அடுத்த கிழமை நீதிமன்றத்துக்குப் போனேன். முதலாவதாக ஒரு வயல் வழக்கு, இரண்டு சகோதரர்களுக்கிடையில், வயல் வட்டையில் வாய்க்கால் எந்தப் பக்கம் போவது என்று. நான் இளையவருக்காகப் பேசுகிறேன். மூத்தவரின் சட்டத்தரணி எழும்பினார். என்னோடு ஒரே காலத்தில் தொழிலுக்கு வந்தவர். தனது கட்சிக்காரருக்குக் காய்ச்சல், ஆகவே ஒரு தவணை வேண்டும் என்றார்.

நீதிபதி எழுதிக்கொண்டே, எதிர்ப்பு உண்டா என்று கேட்டார்.

நான் எழும்பி நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நீதிபதி தலை நிமிர்ந்து மறுபடி கேட்டார். எதிர்ப்பில்லை என்றேன். அவர் மூன்று மாதத் தவணை கொடுத்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார். ஒரு காய்ச்சலுக்கு மூன்று மாதம். எனக்கு அந்த மனிதன் மேல், முகம்கூடத் தெரியாத அந்தக் காய்ச்சல்காரன் மேல், தாங்க முடியாத பொறாமை வந்தது. கண்ணீரில் கண் தெரியாமல் போனதால் கோப்பைக் கட்ட முடியவில்லை.

அந்தச் சட்டத்தரணி குனிந்து, என்ன செய்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா செத்துப்போனா," என்றேன்.

அவருக்கு அது தெரியும். போன கிழமை எங்கள் வளவில் காலையிலிருந்து நின்று, வந்தவர்களுக்குக் கதிரை போட்டவர் அவர்தான். என் கோப்பை வாங்கி நாடாவைக் கட்டித் தந்தார்.