இன்ஸ்பெக்டரின் காலிப்பரில் தெரிந்த வெளிச்சம்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அன்றைக்கு வந்த கோபத்தை மட்டும் மறக்கவே மாட்டேன்.

தொண்ணூறுகளில் துடியலூரில் லேத் பட்டறை வைத்திருந்தேன். தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் வாங்கப் போன கடையில், ஒவ்வொன்றின் தாடையையும் மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, மாப்பிள்ளையக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க" என்றார் கடைக்காரர்.

அப்படிப் பொறுக்கி வாங்கியதில் அளந்து கடைந்த பம்ப் ஷாஃப்ட் மொத்தத்தையும், அளவு குறைவென்று ஆர்டர் கொடுத்த கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஒதுக்கினார். அந்த ஆர்டர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"பேட்டரி போட்ட பொம்மைய நம்புனா இப்படித்தானுங்க" என்றார், என் காலிப்பரைக் காட்டி.

"பொம்மை கெடக்கட்டுங்க. உங்க காலிப்பர மூடி ஜன்னல்கிட்டப் புடிங்க."

வந்த கோபத்தில் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முறைத்தபடி பிடித்தார். தேய்ந்த தாடைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஷாஃப்ட் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துதான் அளவு குறைந்திருக்கிறது. என்னுடையதை மூடிக் காட்டினேன். பொட்டு வெளிச்சமில்லை. அதை வாங்கி மறுபடி அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"ஸ்டோர்ல எறக்கிப்போடுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்றைக்கும் என் வேலையில் யார் குறை சொன்னாலும், முதலில் அவரவர் காலிப்பரை மூடிக் காட்டச் சொல்கிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.