சாச்சியின் நீண்ட சுஜூது

எங்கள் வீட்டில் ஒரு இறைநேசச் செல்வி உருவானதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். உருவாக ஏழெட்டு மாதம் பிடித்தது. கலைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் என் சாச்சி. வாப்பாவின் தம்பி மனைவி. சாச்சா சவுதியில் இருந்தார். உச்சிப்புளியிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் சாலையில் எங்கள் ஊர். உம்மாவும் சாச்சியும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தார்கள். சாச்சி தெருமுனை வரை கேட்கும்படி சிரிப்பாள். சீரியல் ஓடும்போது பாங்கு சொல்லிவிட்டால், விளம்பரம் வரட்டும் என்று காத்திருந்து தொழப் போகிறவள். உம்மாவோ தொழுகையில் கறார். ஆகவே எங்கள் வீட்டிலிருந்து யார் முதலில் சொர்க்கத்துக்குப் போவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் கணக்கு மாறியது. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்குத் தெருப் பெண்கள் எங்கள் ஹாலில் கூடுவார்கள். சேர்ந்து தொழுது முடித்தபின், அவரவர் தனியாகக் கொஞ்சம் தொழுவார்கள். எல்லோரும் முடித்து முசல்லா விரிப்பைச் சுருட்டும்போது சாச்சி மட்டும் நெற்றியைத் தரையில் வைத்தபடி சுஜூதிலேயே இருப்பாள். முதலில் பெண்கள் பேச்சைக் குறைத்தார்கள். பிறகு கால் சத்தம் கேட்காமல் வெளியேறப் பழகிக்கொண்டார்கள். “நமக்கெல்லாம் சுஜூதுல இருக்கையில அடுப்புல வச்ச சோறுதான் ஞாபகத்துக்கு வருது. அவளப் பாரு” என்று பக்கத்து வீட்டு மாமி கண் கலங்கினார்.

ஒன்றை நம்பிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சாச்சி தலை வாருவதை விட்டுவிட்டு எந்நேரமும் முக்காட்டோடே இருந்தாள். மார்க்கப் பேணுதல் வந்துவிட்டது என்றார்கள். சோறு தொண்டையில் இறங்காமல் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். சொல்லாமல் கொள்ளாமல் நோன்பு வைக்கிறாள் என்றார்கள். கண் இமைகள் வீங்கி நாவற்பழ நிறத்துக்கு வந்தன; அழுது அழுது அல்லாஹ்விடம் துஆ கேட்கிறாளாம். விரல் மடங்கும் மொட்டிகளில் சிவப்புத் திட்டுகள் தடித்திருந்தன. அதற்கு மட்டும் யாராலும் புண்ணியம் கற்பிக்க முடியாததால், சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவாயிற்று.

உண்மை என் தோளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. சாச்சி என்னை எப்போதும் பின்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள்; சேர்ந்து தொழும்போது யார் கண்ணிலும் படாமல் என் தோளைப் பிடித்தே எழுவாள். ஹால் காலியானதும் ஒரு கையை என் தோளிலும் மறு கையைத் தன் தொடையிலும் ஊன்றி, உடம்பை உந்தி உந்தி எழுவாள். எனக்கு நன்றாக வலிக்கும். “யார்ட்டயும் சொல்லிராத தங்கம்” என்பாள். பாசம் மிகுந்துதான் இப்படி அழுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் வாயே திறக்கவில்லை.

உம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து தொழுவுறேன். என்ட்ட ஒருத்தி வந்து, எனக்காக துஆ செய்யுங்கன்னு கேட்டிருப்பாளா?” என்று வாப்பாவிடம் பொருமினாள். வாப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

சாச்சிக்குக் குழந்தை இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், தூங்குது என்று சொல்லித் தொட்டிலுக்கு மேல் துணியை இழுத்துவிடுவார்கள். அதே பெண்கள் இப்போது தண்ணீர்க் குவளையோடு வந்து, “ஓதி ஊதித் தாங்கம்மா” என்று அவள் முன்னால் நின்றார்கள். அப்போது சாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியொரு சந்தோஷம். கையிலும் காலிலும் பலமில்லை என்று சொல்லிவிட்டால் இந்த மரியாதை போய்விடும் என்று பயந்தே அவள் நோயை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் ஊரிலிருந்து ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு வந்தாள். “நீங்க தூக்கி வச்சு ஓதுனா சரியாயிரும்னு சொன்னாக” என்று குழந்தையைச் சாச்சியின் கையில் கொடுத்தும்விட்டாள். சாச்சி ஆசையாக இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். மார்போடு அணைக்கப் பார்த்தாள். கை மேலே வரவில்லை. குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது.

“லாத்தா!” என்று உம்மாவைக் கூப்பிட்டுச் சாச்சி அலறினாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த உம்மா குழந்தையைத் தாவிப் பிடித்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாச்சிதான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“கையத் தூக்க முடியல லாத்தா. காலும் அப்படித்தான். ரொம்ப நாளாச்சு” என்று அழுதாள்.

“அதான் என் தோளப் பிடிச்சு எந்திரிக்கிறாங்க” என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

உம்மா என்னைப் பார்த்தாள்; சாச்சியைப் பார்த்தாள். “கிறுக்கி, கூடப் பொறந்தவளாட்டம் இங்கனதான இருக்கேன். என்ட்ட சொல்றதுக்கு என்ன?” என்று திட்டிக்கொண்டே அவளும் அழுதாள். அன்றோடு அவளுடைய பொறாமை தீர்ந்தது.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் சாச்சியின் இமைகளைப் பார்த்தார். விரல் மொட்டிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். அதுவும் முடியவில்லை.

“இது தசை அழற்சி மாதிரி தெரியுது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்குது. தாங்க முடியாத வலி இருந்திருந்தா உடனே ஓடி வந்திருப்பீங்க. பலம் கொஞ்சம் கொஞ்சமாப் போனதால ஆளுக்கொரு காரணம் சொல்லிட்டு இருந்திருப்பீங்க” என்றார். உம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மதுரையில் இரத்தம் எடுத்தார்கள், தொடையிலிருந்து துளித் தசை எடுத்தார்கள், உடம்புக்குள் கட்டி எதுவும் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடினார்கள். கட்டி இல்லை. நோய் டாக்டரம்மா சொன்னதேதான். தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, வாரம் ஒருமுறை வேறொரு மாத்திரை, வெயிலில் போகக் கூடாது, பலம் வர வர உடற்பயிற்சி. திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, நாங்களே பார்த்துக் குறைப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாத்திரையில் சாச்சியின் முகம் பூரி போல உப்பியது. தெருப் பெண்கள் நிறுத்தச் சொன்னார்கள். உம்மா வாசலிலேயே மறித்தாள். “டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரை கொறஞ்சாலும் நான் பொல்லாதவளாயிருவேன்” என்றாள். அடுப்படியில் நாற்காலி போட்டுச் சாச்சியை உட்கார்ந்து எழ வைத்து, குழம்பைக் கிண்டியபடியே எண்ணினாள். இன்றைக்குச் சாச்சி மாடியேறித் துணி காயப்போடுகிறாள் என்றால், அதில் பாதி மருந்து, பாதி உம்மாவின் அதட்டல்.

ரமலான் வந்தது. நோன்பு வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் இறைநேசச் செல்வி பட்டப்பகலில் இட்லி தின்று மாத்திரை போடுவதைத் தெருவே பார்த்தது. அதன்பிறகு ஓதி ஊதக் கேட்டு யாரும் குவளை கொண்டுவரவில்லை.

பெருநாள் கழிந்து மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். சாச்சி கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். டாக்டரம்மா கைதட்டினார். உம்மா தானே எழுந்து நின்றது போல நிமிர்ந்து பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உம்மா முன் சீட்டில் தூங்கிவிட்டாள். சாச்சி என் காதருகே குனிந்து கேட்டாள்.

“இனிமே யாரும் பிள்ளையத் தூக்கிட்டு என்ட்ட வரமாட்டாகல்ல?”

“ஒருத்தரும் வரமாட்டாங்க சாச்சி” என்றேன் உற்சாகமாக. “உங்களுக்கு ஒடம்புதான் சரியில்லாம இருந்துச்சு, வேற ஒண்ணுமில்லன்னு உம்மா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க.”

சாச்சி தலையாட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையும் காலும் சரியாகிவிட்ட ஒருத்திக்கு அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் கடலை மிட்டாயில் பாதியை உடைத்து அவள் மடியில் வைத்தேன்.