ஊசிக்கு வந்த தாய்மாமன் சீர்

அட, அதெல்லாம் இல்லையடி. என் பேத்தி இன்னும் வயதுக்கு வரவில்லை. நேற்று எங்கள் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றதையும், அதிலிருந்து பச்சைத் தென்னங்கீற்றை இறக்கியதையும் பார்த்துவிட்டுத் தெருவே ஒரு கதை கட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? கீற்று வந்தது நிஜம். தாய்மாமன் வந்தது நிஜம். பட்டுப்பாவாடை, வாழைத்தார், உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் வந்ததும் நிஜம். பெண் மட்டும்தான் வயதுக்கு வரவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறவரைக்கும் இப்படி உட்கார், சொல்கிறேன். எழுத்து வாசனை இல்லாதவள் நான்; முன்னே பின்னே சொன்னால் நீதான் கோத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் நர்சம்மா வந்தார்கள். அதுதான், ஸ்கூட்டியில் முன்னால் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு வருவார்களே, அவர்கள்தான். அந்தப் பெட்டியைக் கண்டாலே தெருவில் இருக்கிற பொடிசுகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒருநாள் ஒன்று கோழிக் கூட்டுக்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று... சரி, அது வேறு கதை. நர்சம்மா என் மருமகளைக் கூப்பிட்டார்கள்.

"பாப்பாவுக்கு என்ன வயசு? பதினொண்ணா? அப்ப சரி. கர்ப்பப்பை வாயில புத்துநோய் வராம இருக்கறதுக்கு ஊசி வந்திருக்கு. சுகாதார நிலையத்துல போடறோம். காசு கிடையாது. கூட்டிட்டு வந்துடுங்க."

மருமகளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அவ இன்னும் பெரிய மனுஷி ஆகலீங்களே."

"ஆகலைன்னா என்னங்க? இந்த வயசுல போட்டாத்தான் நல்லா பிடிக்கும். அந்தக் கிருமி கல்யாண வாழ்க்கையிலதான் ஒட்டும். அதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டுடணும்."

"யோசிச்சு சொல்றேங்க."

"இந்தத் தெருவுல எல்லாரும் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கீங்க" என்று சிரித்துவிட்டு நர்சம்மா வண்டியைக் கிளப்பினார்கள்.

மருமகளைக் குறை சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்டப் போன இடத்தில் இதே பேச்சுதான்.

"அந்த ஊசியைப் போட்டா பின்னால புள்ள நிக்காதாம்."

"யாருடி சொன்னது?"

"போன்ல வந்துச்சுக்கா."

"போன்ல வர்றதெல்லாம் நெசமா? போன வாரம் உன் போன்ல, குறுவைக்குத் தண்ணியே கிடையாதுன்னு வந்துச்சு. இப்ப எதுல நிக்கிறே?"

முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இன்னொருத்தி ஒன்று சொன்னாள் பார், அதுதான் மருமகள் மனதில் முள்ளாக நின்றுவிட்டது. "அது வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்குத்தான். வராத புள்ளைய கூட்டிட்டுப் போய்ப் போட்டா, 'பொண்ணு வயசுக்கு வந்துட்டா, இவங்க மூடி வச்சிட்டாங்க'ன்னுதான் ஊரு பேசும்."

மூடி வைப்பது என்றால் நம் பக்கத்தில் சின்ன விஷயமா? முதல் சேதி தாய்மாமனுக்குப் போகவேண்டும். அவர் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினால்தான் பெண்ணுக்கு மரியாதை. கீழத் தெருவில் ஒரு வீட்டில் மாமனுக்குச் சேதி தாமதமாகப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்தும்போதும் அந்த மனுஷர் பந்தியில் உட்காரவில்லை. பாயசத்தை மட்டும் டம்ளரில் வாங்கி நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

என் மகனைக் கேட்கலாம் என்றால் அவன் மஸ்கட்டில் இருக்கிறான். போனில், "எனக்கு என்ன தெரியும்? உங்க அண்ணனைக் கேட்டுக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். ஆம்பிளைக்கு இந்தப் பேச்சே கூச்சம். கர்ப்பப்பை என்ற வார்த்தை வந்ததும் அவனுக்கு சிக்னல் போய்விட்டது.

எனக்கோ அந்த ஊசியைப் போட்டே தீரவேண்டும். ஏன் என்றால் என் தங்கை. நீ கல்யாணமாகி இங்கே வருவதற்கு முந்தின கதை அது. புருஷன் போனபிறகு என்னோடுதான் இருந்தாள். நடவுக்கு இறங்கினால் அவள் கைக்கு ஈடு கிடையாது. நாங்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் வரப்பில் ஏறி வெற்றிலை மடித்துக்கொண்டு நிற்பாள், எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். தீட்டு நின்று எத்தனையோ வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டே இருந்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கர்ப்பப்பை வாயில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். அவளுடைய சின்ன வயதில் இப்படி ஓர் ஊசி ஏது? இருக்கிற காலத்தில் பிறந்திருக்கிற என் பேத்திக்கு அது கிடைக்கவேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. ஆனால் பெற்றவள் சம்மதிக்காமல் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகமுடியுமா?

கடைசியில் மருமகள் பட்டுக்கோட்டைக்கு போன் போட்டாள். அண்ணன் தேங்காய் ஏற்றிவிடப் போயிருந்தார். அண்ணிதான் எடுத்திருக்கிறாள்.

"பாப்பாவுக்கு கர்ப்பப்பை ஊசி போடணும்கறாங்க அண்ணி. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் போடுவேன்."

அதோடு அடுப்பில் பால் பொங்கிவிட்டது, போனை வைத்துவிட்டாள். அந்த அண்ணி என்ன நினைத்தாள் தெரியுமா? அவர்கள் ஊரிலும் இதே பேச்சுதானே. ஊசி பெரிய பெண்களுக்குத்தான். அப்படியானால் பெண் வயதுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். மாமனைக் கூப்பிடாமல் ஊசி வரைக்கும் போய்விட்டார்கள்!

நேற்று சனிக்கிழமை, காலையிலேயே வண்டி வந்து நின்றுவிட்டது. மாமன் இறங்கினார். வெள்ளை வேட்டி, சிவந்த முகம்.

"வாங்க தம்பி, வாங்க. தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினேன்.

"வேணாம் அத்தை. இந்த வீட்டுல இனிமே எனக்குத் தண்ணி இறங்காது."

"ஏன் தம்பி, என்ன ஆச்சு?"

"என் தங்கச்சி மக பெரியவளாயிட்டா. நர்சு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. மாமன்காரனுக்குச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலை. சரி, அது இருக்கட்டும். கீத்தை எந்தப் பக்கம் இறக்கட்டும்?"

கோபத்திலும் பார், அவருக்குக் குடிசையை எங்கே போடுவது என்கிற கவலை. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்காரர் பாதிக் கீற்றை இறக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் இருந்து பேத்தி ஓடி வருகிறாள். முட்டி வரைக்கும் சேறு, தலை விரிந்து கிடக்கிறது, கையில் தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்குள் கெண்டைக் குஞ்சு.

"மாமா! இந்த வாழைத்தார் எனக்கா?"

மாமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், உள்ள போ! வெளியில வரக்கூடாது நீ!"

"ஏன் மாமா? மீனு புடிச்சதுக்கா? விட்டுடறேன் மாமா. அப்பாயி, நீ சொல்லு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் கரண்டியோடு ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னோம். மாமன் அப்படியே கீற்றுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளக் கூடாதே, மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப ஊசி எதுக்கு?" என்றார்.

"நோவு வராம இருக்கறதுக்கு" என்றேன்.

"வராத நோவுக்கு எதுக்கு ஊசி? வேணாம் அத்தை. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கட்டிக்குடுக்கறது யாரு?"

அவர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. விடாமல் கேட்டேன்: "தம்பி, தென்னங்கன்னு குருத்துல வேப்பம்புண்ணாக்கும் மணலும் வைக்கிறீங்களே, எப்ப வைக்கிறீங்க? வண்டு தொளைச்ச அப்புறமா?"

"தென்னை வேற, பொண்ணு வேற அத்தை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் மருமகள் பேசினாள். அத்தனை நாளும் அண்ணன் சொன்னால்தான் என்று இருந்தவள்.

"அண்ணே, சின்னத்தை இந்த வீட்டுலதான் படுத்துக் கிடந்தாங்க. துணியெல்லாம் நான்தான் அலசிப் போட்டேன். வாடை வெளியில தெரியக்கூடாதுன்னு சாம்பிராணி போடச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கடைசியில ஒருநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வெக்கமா இருந்துச்சும்மா, அதான் சொல்லலை'ன்னாங்க. நானும் இப்ப ஊருக்கு வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் உங்களைக் கேட்டேன். இனிமே கேக்கலை. நான் கூட்டிட்டுப் போறேன்."

என் தங்கை அப்படிச் சொன்னது எனக்கே தெரியாது. இத்தனை வருஷமாக அதை என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று இந்தப் பெண் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அவள் கையில் கரண்டி இருந்தது, அதிலிருந்து சாம்பார் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமன் திரும்பிச் செம்பைப் பார்த்தார். பிறகு, "அந்தத் தண்ணியைக் குடுங்க அத்தை" என்றார். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துவிட்டு எழுந்தார்.

"மாமன் நான் இருக்கும்போது நீ எதுக்குத் தனியா கூட்டிட்டுப் போறே? கொண்டுவந்த சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போறதும் ஆகாது. புள்ளையக் குளிப்பாட்டி அந்தப் பாவாடையைக் கட்டி விடு. கிளம்புவோம்."

சுகாதார நிலைய வாசலில் குட்டி யானையிலிருந்து பட்டுப்பாவாடை, பூ, பொட்டோடு என் பேத்தி இறங்கினதை நீ பார்த்திருக்க வேண்டும். கூடவே வாழைத்தாரோடு மாமன்.

"என்னங்க இது, ஊசிக்கா, கல்யாணத்துக்கா?" என்று நர்சம்மா கேட்டார்கள்.

"மாமன் வீட்டுச் சீருங்க. ஊசிக்குத்தான்" என்றார் மாமன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஊசி ஏறும்போது மட்டும் சுவரில் இருந்த குடும்பக்கட்டுப்பாட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி, "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை அமர்க்களம்?" என்று கேட்டுவிட்டாள். போட்ட பிறகு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காரவேண்டும் என்றார்கள். உட்கார்ந்த நேரத்தில் மாமன் அங்கே இருந்த எல்லாருக்கும் வாழைப்பழம் கொடுத்துத் தாரில் பாதியைக் காலிபண்ணிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. போனில் வந்தது என்று வாய்க்காலில் சொன்னாளே, அவள் மத்தியானத்துக்குள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். "தாய்மாமனே முன்ன நின்னு போட்டுட்டாரு, இனி யாரு என்ன பேசப்போறா?" என்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "மாமா, நீங்க வாராவாரம் வந்துட்டுப் போங்க" என்று நர்சம்மா இவரைக் கேலி செய்தார்கள். அவரும், "வாழைப்பழம்தானே, வரேங்க" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஊருக்குப் போனார். நிஜமாகவே அந்தச் சேதி வரும்போது புதிதாகக் கீற்று வெட்டிக்கொண்டு வருவாராம். பேத்திக்குக் கை லேசாக வலித்தது, ராத்திரி அம்மா மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். காலையில் மறுபடி வாய்க்கால்.

உன் பெண்ணும் இவள் வகுப்புதானே? நாளைக்கும் நர்சம்மா இருப்பார்களாம். உன் அண்ணன் திருப்பூரிலிருந்து லீவு கேட்டு வரும்வரைக்கும் காத்திருக்காதே. நான் வருகிறேன், என் மருமகளும் வருவாள். மாமன்தான் வேண்டும் என்றால் சொல், பட்டுக்கோட்டைக்காரரையே வரவழைக்கிறேன், அவருக்கும் பொழுது போகும். என்னடி, தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாய்? சரி என்று வாயைத் திறந்து சொல்லேன். ஆ, அப்படிச் சொல்லு! காலையில் பிள்ளைக்கு வெறும் வயிறாக இல்லாமல் இட்லி கொடுத்துக் கூட்டிக்கொண்டு வா, நான் வாசலிலேயே... அடடே, குழாயில் புஸ்ஸென்று காற்று வருகிறது பார், தண்ணீர் விட்டுவிட்டார்கள்! எழுந்திரு, எழுந்திரு, உன் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வா.